அம்மா கடைக்குப் போயிருக்காங்க

ஜூன் 3

பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தானே வந்தேன்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அந்தக் கோபத்தையெல்லாம் தையல் மெஷின் மேல் காட்டுவேன், ஊசிதான் உடையும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வீடு முழுக்க யூனிஃபார்ம் துணி குவிந்து கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் கத்தினால் உனக்குக் காது வலிக்காது, நீயும் முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் பட்டாணி இங்கே என்னிடம் பத்திரமாக இருக்கிறாள். வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்மா எப்போது வருவாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வந்த அன்றே தன் துணிகளைத் தானே மடித்து அலமாரி ஓரத்தில் வைத்தாள். நாலரை வயசுப் பிள்ளை! என் வீட்டுத் தடியன்கள் இரண்டு பேரும் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற கழுதைகள். 'இவளைப் பார்த்துக் கத்துக்கோங்கடா' என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அவள்மேல் கடுப்பாகிவிட்டது. உன் மாமாகூட, 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்கிறார்.

நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. உன் கீழ்வீட்டு நர்ஸ்தான் போன் பண்ணினாள். 'உங்க தங்கச்சி வேலைக்குப் போய் ஒரு வாரமாச்சு போலிருக்கு. மேல ஒரு சத்தமும் இல்ல. அந்த வீட்ல பிள்ளை இருக்குன்னே சில நேரம் மறந்துபோகுது' என்றாள். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. பட்டப்பகலில் நீ தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய். கட்டில் பக்கத்தில் தரையில் அவள். முன்னால் ஒரு தட்டில் காய்ந்த ரொட்டி. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, 'சத்தம் போடாதீங்க பெரியம்மா. அம்மா கடைக்குப் போயிருக்காங்க' என்றாள்.

நீ கண்ணெதிரே படுத்திருக்கிறாய், பிள்ளை கடைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறது. வருகிறவர்களிடம் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் போர்வையைப் பிடித்து இழுத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகும் கத்துவதை நிறுத்த முடியவில்லை. என்னென்ன சொன்னேனோ. 'நீயெல்லாம் ஒரு தாயா' என்றது மட்டும் நினைவிருக்கிறது. நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை விட்டுவிட்டு வந்திருப்பேனோ என்னவோ.

மாமா வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்திலேயே அவளைச் சேர்த்துவிடலாம். இப்போதைக்குச் சும்மா கொண்டுபோய் உட்கார வைக்கிறேன். முறைப்படி சேர்க்க உன் கையெழுத்து வேண்டும். யோசி. சாப்பிடு.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

அவள் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாய். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடது செருப்பின் வார் கொஞ்சம் கழன்றிருக்கிறது, ஒரு தையல் போட்டுவிடு.

மறுபடி வேலைக்குப் போகிறேன். சூப்பர்வைசர், 'வந்தாச்சா மகாராணி' என்று மட்டும் கேட்டார். அதே லாண்டரி, அதே ஆஸ்பத்திரி விரிப்புகள். நானும் எதிரே ஒருத்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். பேச வேண்டியதில்லை, பேசினாலும் மெஷின் இரைச்சலில் கேட்காது. அந்த வேலை எனக்குச் சுலபமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பிள்ளைக்குப் பதில் சொல்வதுதான் முடியாமல் போயிற்று. இதை எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகமிருக்கிறது. நீ சொல்லாததையும் சேர்த்து நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் படுத்திருந்தேன். அதனால் உன்மேல் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

பொய் சொல்லப் பழக்கவில்லை. அது ஒரு விளையாட்டு.

அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று உனக்கு விவரமாக எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பால் குடிப்பாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அவள் எதையும் கேட்டதில்லை அக்கா. கொடுத்ததைச் சாப்பிடுவாள், காட்டின இடத்தில் தூங்குவாள். படுத்தாத பிள்ளையாகப் பார்த்துக் கடவுள் எனக்குக் கொடுத்தார் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது மாமாவும் நீயும் அதையே மெச்சிக்கொள்வதைப் படித்தபோது பயமாக இருந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.

அழுதால் எழுது. அழாவிட்டாலும் எழுது.

பாப்பா


ஜூன் 21

பாப்பாவுக்கு,

அழவில்லை. அதுதான் பிரச்சினை என்கிறாள் டீச்சர்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்னப் பெண், என் வயசில் பாதி இருப்பாள், ஆனால் சொல்வதைத் தெளிவாகச் சொன்னாள். 'மத்த பிள்ளைங்க வந்ததும் கத்தும், அழும், பெஞ்சு மேல ஏறும். இவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கா. நான் லேசா முகம் சுளிச்சா போதும், கையில இருக்கிற பென்சிலைக் கீழ வெச்சிடுறா. கேட்டா பதில் சொல்றா, தானா எதுவும் சொல்றதில்ல. விளையாட்டுல சேர்றதில்ல. வயசுக்கு வரவேண்டியது எதுவோ உள்ளயே நின்னுபோச்சு.' அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னாள். ஒரு பையன் இவளைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். இவள் அழவுமில்லை, திருப்பித் தள்ளவுமில்லை. அங்கேயே தரையில் படுத்துத் தன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாளாம். கூப்பிட்டால் உள்ளிருந்து, 'நான் கடைக்குப் போயிருக்கேன்' என்கிறாளாம்.

வீட்டுக்கு வந்தால் இளையவன் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்திருந்தான். நான் என் வழக்கப்படி ஒரு கத்துக் கத்தினேன். அவன் தின்றுகொண்டிருந்ததை நிறுத்தக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பட்டாணியைக் காணோம். தெருவெல்லாம் தேடினேன். மாமா வேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனார். கடைசியில் பார்த்தால் மெஷின் பக்கத்தில், யூனிஃபார்ம் துணிக்குவியலுக்கு அடியில், தலையோடு மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். இந்தத் தடவை துணியை இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவளாக வந்தாள். கையில் ஒரு வெள்ளை சட்டைப் பட்டன். 'கடையில வாங்கினேன் பெரியம்மா. உங்களுக்குத்தான். இப்ப கோபம் போயிடுச்சா?'

எத்தனை ஆயிரம் பட்டன் தைத்த கை இது. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நிஜமாகக் கேட்கிறேன், பதில் சொல். ஒரு குழந்தையைச் சுருட்டி மூலையில் போடுகிற இந்த விளையாட்டை எந்தப் பைத்தியம் கண்டுபிடித்தது? யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

நீதான்.

உனக்கு மறந்திருக்கலாம். அப்பா நம்மை விட்டுப் போன வருஷம். எனக்கு இப்போதைய பட்டாணி வயசு, உனக்கு ஒன்பது இருக்கும். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சில நாட்கள் போகமாட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி, அந்தக் கட்டம்போட்ட போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். நான் போய் உலுக்குவேன், அழுவேன். நீ என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'அம்மா கடைக்குப் போயிருக்காங்கடி. சத்தம் போட்டா வழி மறந்துடுவாங்க. சும்மா இருந்தா உனக்கு ஏதாவது வாங்கிட்டு வருவாங்க' என்பாய். அப்புறம் போர்வைக்குள் கையை விட்டு எதையாவது எடுத்துக் கொடுப்பாய். ஒரு மிட்டாய்த் தாள், ஒரு ஊக்கு. அதிகமாகப் பட்டன்தான்.

நான் அதை அப்படியே நம்பினேன். போர்வைக்குள்ளேயே ஒரு தெரு இருக்கிறது, அம்மா அதில் நடந்து போகிறாள் என்று. என் சின்ன வயசில் நல்லதாக ஞாபகமிருப்பது அது ஒன்றுதான். அதனால்தான் பட்டாணியின் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, என்னால் எழுந்திருக்க முடியாமல் போன முதல் நாள், இவள் பயந்துபோய் என் கன்னத்தைத் தட்டியபோது, அந்த வார்த்தைகள் தானாக வாயில் வந்தன. வழி மறந்துவிடும் என்பதுவரை எல்லாமே. கெட்டது ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நினைக்கவில்லை. நீ எனக்குக் கொடுத்ததைத்தான் கொடுத்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் விளையாடினேன். லாண்டரியில் துணிகளிலிருந்து கழன்ற பட்டன்கள் கிடைக்கும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படுப்பேன். போர்வையை விலக்கியதும், 'இந்தா, கடையில வாங்கினது' என்பேன். கைகொட்டிச் சிரிப்பாள். அப்புறம் பட்டன் எடுத்துவர மறந்தேன். அப்புறம் விலக்கவே நேரமாயிற்று. ஒருநாள் போர்வைக்குள் ஒரு சின்னக் கை வந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தது. பழைய பட்டன்களில் ஒன்று. 'அம்மா, நீ வாங்க மறந்துட்டே. இதைக் கொண்டுவா' என்று ரகசியமாகச் சொன்னாள்.

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பாப்பா


ஜூலை 16

பாப்பாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில், எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றிருந்தேன். பொய். நன்றாக நினைவிருக்கிறது. உன் வீட்டில் பட்டாணி உதட்டில் விரல் வைத்தபோதே எனக்குள் சுருக்கென்றது. அது என்னவென்று பார்க்க மனமில்லாமல்தான் அத்தனை கத்தல்.

ஒன்றை யோசித்தாயா? உனக்கு அம்மா கடைக்குப் போயிருந்தாள். எனக்கு யார் அப்படிச் சொன்னார்கள்? அம்மா அங்கேயேதான் இருக்கிறாள், கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள், நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பாசத்தில் ஒன்றும் அந்த விளையாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நீ அழுதால் அம்மா இன்னும் உள்ளே சுருங்கினாள், எனக்குப் பயமாக இருந்தது. உன் வாயை மூட ஒரு வழி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதைப் போய் நீ இத்தனை வருஷம் நல்ல ஞாபகமாகப் பொத்தி வைத்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்த அன்று ஒரு காலர்கூட நேராகத் தைக்க வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரன் போன பிறகு நீ போன் பண்ணும்போதெல்லாம், 'அப்பவே சொன்னேன், கேட்டியா' என்று ஆரம்பிப்பேனே. கோபம் அதில் இல்லை. உன் குரல் அம்மாவின் குரலாக மாறிக்கொண்டே வந்தது. இழுத்து இழுத்து, யாரோ கட்டாயப்படுத்திப் பேச வைப்பதுபோல. அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. போனை முடிக்க எனக்கு ஒரு சண்டை வேண்டியிருந்தது. என் தங்கை பாதியில் வைத்துவிடுகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வைக்க வைத்தது நான்தான்.

பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள் டீச்சர். 'அம்மா கடைக்குப் போகலடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல' என்று சொல்லிப் பார்த்தேன். பெரிய மனுஷி மாதிரி என்னைப் பார்த்து, 'இல்ல பெரியம்மா, கடை தூரம்' என்றாள்.

நர்ஸிடம் பேசிவிட்டேன். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம், உன்னை அழைத்துப் போவாள். முறைக்காதே. அம்மாவை யாரும் அழைத்துப் போகவில்லை. ஒன்பது வயசில் எனக்குத் தெரிந்தது ஒரு பட்டன்தான். இப்போதும் அதையே நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு எதற்கு இந்த வயசு.

பள்ளிக்கூடத்துக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் இங்கேயே படிக்கட்டும். இல்லையென்றால் வந்து கூட்டிக்கொண்டு போ. இதைச் செய், அதைச் செய் என்று உன்னை அதட்டியே பழகினவள் நான். எது நல்லது என்று இந்தத் தடவை எனக்கே தெரியவில்லை.

அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

போனேன். நர்ஸ் என் கையைப் பிடித்த பிடியில் தப்பித்து ஓடவும் வழியில்லை. வராந்தாவில் நான் உட்கார்ந்து காத்திருந்த கட்டிலில் எங்கள் லாண்டரி விரிப்பு. ஒருவேளை நானே இஸ்திரி போட்டது. ஓரத்தில் சுருக்கம் இருந்தது, இரண்டு மூன்று தடவை நீவிவிட்டேன்.

எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் அம்மா கேட்டார். என் வீட்டுக்காரர் போனதிலிருந்தா, பட்டாணி பிறந்ததிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா என்று எனக்கு விளங்கவில்லை. 'சோம்பேறித்தனம்தாங்க' என்று நானே சொல்லிவிட்டேன். 'யாரும்மா சொன்னது? இது நோய். சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி. நீங்க கெட்டவங்கன்னு இதுக்கு அர்த்தமில்ல' என்றார். எதிரே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாய் காய்கிறது. வாராவாரம் வந்து பேச வேண்டுமாம். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. காலையில் பல் தேய்க்கிறேன். அதுவே முன்னேற்றம்தான் என்கிறார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

கோபித்துக்கொண்டு போடவில்லை. உன் வீட்டில் சத்தம் இருக்கிறது. மெஷின், தடியன்கள், உன் தொண்டை. பிள்ளைக்கு அது வேண்டும். இங்கே கூட்டிவந்தால் போர்வையும் கூடவே வரும். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. எங்கேயாவது நிற்கட்டும். தாயாக ஒரு காரியமாவது சரியாகச் செய்தேன் என்று இருக்கட்டும் அக்கா.

என்னைப் பற்றிக் கேட்டால் வேலைக்குப் போகிறாள் என்று சொல். கேட்கமாட்டாள்.

பாப்பா


ஆகஸ்ட் 2

பாப்பாவுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட காகிதம் கிடைத்தது. தையல் மெஷினுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, காகிதத்தை நாலாக மடித்து அதற்கு அடியில் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை. நல்ல கெட்டிக் காகிதம்.

பெரிய சேதி ஒன்று. பட்டாணி இளையவனைக் கடித்துவிட்டாள்.

அவளுடைய சிவப்புப் பென்சிலை அவன் பிடுங்கியிருக்கிறான். வழக்கமாக விட்டுக்கொடுத்துவிடுவாள். அன்றைக்கு என்ன வந்ததோ, 'என்னுது, குடு' என்று கத்தினாள். அவன் தரவில்லை. கையைப் பிடித்து ஒரே கடி. பல் தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது. அவன் அலறிக்கொண்டு என்னிடம் வந்தால் நான் சந்தோஷத்தில் அழுகிறேன். 'அம்மா, ரத்தம் வருதும்மா' என்கிறான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறேன். பெற்ற தாய் கைவிட்டுவிட்டாள் என்று அவன் அப்பாவிடம் போய்விட்டான்.

சந்தோஷம் சாயங்காலம் வரைதான். தலை வாரிவிடும்போது மெல்ல, 'பெரியம்மா, நான் கடிச்சதை அம்மாகிட்ட சொல்லாதீங்க' என்றாள்.

'ஏன்டா?'

'மறுபடி கடைக்குப் போயிடுவாங்க.'

'கடிச்சதுக்கு யாராவது கடைக்குப் போவாங்களா?'

'பலூன் கேட்டேன். அப்பதான் போனாங்க.'

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. எந்தப் பலூன், எப்போது கேட்டாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஏன் எதையும் கேட்பதில்லை என்று புரிந்துவிட்டது. கேட்டால் நீ போய்விடுவாய். சத்தம் போட்டால் உனக்கு வழி மறந்துவிடும். அதனால் துணியை மடித்து வைக்கிறாள், டீச்சர் முகத்தையே பார்க்கிறாள், அழாமல் இருக்கிறாள். பாப்பா, அவள் நல்ல பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. நான் அதை ஊருக்கெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

'உன்னால இல்லடா கண்ணு' என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினாள். என்னைத் திருப்திப்படுத்த ஆட்டினாள். இதை நான் சொன்னால் செல்லாது. நமக்கும் அம்மா சொல்லியிருந்தால்தான் செல்லுபடியாகியிருக்கும்.

நீ போர்வையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். நீ வராத ஒவ்வொரு நாளும், பலூன் கேட்டதற்குத்தான் வரவில்லை என்று அவள் கணக்கில் ஏறுகிறது. மாத்திரை முழுசாக வேலை செய்யட்டும், மனசு சரியாகட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதே. சரியாகாமலே வா.

அக்கா


ஆகஸ்ட் 7

அக்காவுக்கு,

சனிக்கிழமை வருகிறேன்.

எந்தப் பலூன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வரவில்லை. அவள் அதற்காகத் தன்னை இவ்வளவு தண்டித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு ஞாபகம்கூட இல்லை.

நான் வருவதை அவளிடம் சொல்லாதே. கடைசி நேரத்தில் என்னால் எழுந்து கிளம்ப முடியாமல் போனால் பிள்ளை ஏமாந்துவிடும்.

இல்லை, சொல்லிவிடு. சொன்னால் வந்துதான் ஆகவேண்டும்.

பாப்பா


ஆகஸ்ட் 20

பாப்பாவுக்கு,

நீ பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. இளையவன் கையிலிருந்த பல் தடம் மறைந்துவிட்டதாம். வருத்தப்படுகிறான், கழுதை.

அந்தச் சனிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை வாசலில் பார்த்ததும் அவள் ஓடிப்போய்த் துணிக்குவியலுக்குள் புகுந்தாளே, எனக்குக் கை பரபரத்தது. இழுத்துத்தான் எனக்குப் பழக்கம். நீ பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். 'அம்மா இங்கதான் இருக்கேன். நீ மெதுவா வா' என்று அவ்வப்போது சொன்னதோடு சரி. வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாய். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நான் ஒருநாள்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன்.

கடைசியில் வெளியே வந்து உன்னிடம் பட்டனை நீட்டினாள். நீ வாங்கவில்லை. 'எனக்கு எதுவும் வாங்கிட்டு வர வேண்டாம்டா. நீ வந்தா போதும்' என்றாய். பட்டனை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முழித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அது இப்போது என் டப்பாவில் இருக்கிறது. அதை மட்டும் எந்தச் சட்டையிலும் தைக்கவில்லை.

பஸ் ஏறும்போது உன்னிடம் ஒன்று கேட்க வந்தேன். கேட்காமல் ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு மாமாவைச் சத்தம் போட்டேன். கேட்க வந்தது என்ன என்று உனக்குத் தெரியும்.

முடியாத நாள் வந்தால் போன் பண்ணு. சண்டை போடமாட்டேன். பழக்க தோஷத்தில் போட்டாலும் வைத்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நீ கேட்க வந்ததற்கு முதலில் பதில். ஒன்பது வயசுப் பிள்ளையை மன்னிக்க என்ன இருக்கிறது? உனக்கும் யாராவது ஏதாவது சொல்லி இடுப்பில் தூக்கி வைத்திருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் அழுகிறேன். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆகவில்லை. டாக்டர் அம்மா மாத்திரையை மாற்றியிருக்கிறார். இங்கே ஒரு பாலர் பள்ளியில் பட்டாணியைச் சேர்த்திருக்கிறேன், லாண்டரிக்குப் போகிற வழிதான். அவளுக்குப் பேச்சும் விளையாட்டும் பழக்க ஒரு அம்மா வருகிறார். விட்டுப்போனதைப் பிடிக்க நாளாகும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், யாரால் விட்டுப்போயிற்று என்று கேட்காததே எனக்குப் போதுமானதாக இருந்தது. இவள் இன்னும் என் முகத்தைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் குத்துகிறது. குத்தட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாள் வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தேன், எழ முடியவில்லை. உடம்பு முழுக்க ஈரத் துணியைச் சுற்றின கனம். போய்ப் படுத்தேன். கை தானாகப் போர்வையைத் தேடிற்று. மூலையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

போர்வையைக் கழுத்தோடு நிறுத்தினேன். டாக்டர் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன்.

'பட்டாணி, அம்மா கடைக்குப் போகல. அப்படி ஒரு கடையே இல்ல. அம்மாவுக்கு மனசு நோவுது, அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடுறேன். நீ பலூன் கேட்டதால இல்ல. கடிச்சதால இல்ல. இப்ப என்னால எழுந்திருக்க முடியல. ஆனா இங்கயேதான் இருக்கேன்.'

வெகுநேரம் பார்த்தாள். தலையாட்டவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள்.

தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. அப்புறம் நிசப்தம். கதவோரத்தில் ஒரு கண் எட்டிப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் மறுபடி தட்டினாள், கொஞ்சம் பலமாக. மறுபடி எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தொண்டை கிழியக் கத்தினாள். நாற்காலி மேல் ஏறித் தரையில் குதித்தாள். ஏறினாள், குதித்தாள். எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் போதும் என்று உயிர் துடித்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், கை போர்வைப் பக்கம் போகாமலிருக்க. கண்ணை மூடவில்லை அக்கா.

கடைசியில் வேர்க்க விறுவிறுக்க வந்து மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாள்.

'அம்மா, வழி மறந்துடுச்சா?'

'இல்ல.'

'இவ்வளவு சத்தம் போட்டேனே.'

'போட்டே. கேட்டுச்சு. இங்கதான் இருக்கேன்.'

இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது. திரும்பிப் போய் வாளியை எடுத்தாள்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். எழுந்து போய்த் திறந்தேன். எழுந்தது எப்படி என்று பிறகுதான் யோசித்தேன். கீழ்வீட்டு நர்ஸ், தலை கலைந்து, கண் சிவந்து நிற்கிறாள். 'நைட் டூட்டி முடிச்சு இப்பதாங்க கண்ணை மூடினேன். வீட்ல இருக்கிறது பிள்ளையா, பட்டாளமா?'

எதற்கெடுத்தாலும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டே பழகிய வாய் என்னுடையது. நாற்காலியில் நான் இடித்துக்கொண்டால்கூட நாற்காலியிடம் கேட்பேன் என்று நீ கிண்டல் செய்வாயே. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. பின்னால் மறுபடி ஒரு குதி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

'பிள்ளைதாங்க' என்றேன்.

பாப்பா